பஞ்சிகாவத்தைப் பக்கத்து நானாவின் கராஜ்: புகைத்த சிபிஆர் 250க்கு உண்மையில் என்ன நோய்

கொழும்பில் காபரேட்டர் வைத்த பழைய நான்கு சிலிண்டர் 250 ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பைக் புகைக்கிறது, ஐடிலில் (த்ரொட்டிலைத் தொடாமல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) நடுங்குகிறது, யாரோ ஒருவர் “எஞ்சினைத் திறக்க வேணும்” என்று சொல்லிவிட்டார் என்றால், திறக்க முதல் இந்தக் கராஜுக்கு ஒருதரம் போங்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து மாளிகாவத்தைப் பக்கம் போகும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நானா (அண்ணன்) என்றே எழுதுகிறேன். பஞ்சிகாவத்தையில் பைக் சாமான் விற்கும் கடைகளில் “பழைய ஃபோர் சிலிண்டர் பார்க்கிற நானா” என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

என்னுடையது ஹொண்டா சிபிஆர் 250 ஆர்ஆர், எம்சி22. 1990இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது 249 சிசியில் 45 குதிரைவலு கொடுத்த எஞ்சின் இது. பிறகு 1994இல் அங்கே விதிமுறை மாறியதும் 40 ஆகக் குறைத்தார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைச் சங்கிலிக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள் சுழற்றும். நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை தயங்காமல் ஏறும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன், அதை மறைக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் இந்த மாதிரிப் பைக்குகளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கிப் பூட்டும் காலம் போய்விட்டது. சரியான ஆளிடம் காட்டுவது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

நோய் இப்படித்தான் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ண அதிக நேரம் எடுக்கும். பிடித்ததும் சைலன்சரிலிருந்து வெள்ளையும் நீலமும் கலந்த புகை ஒரு பெரிய மேகமாக வெளியே வரும். ஐடில் 1500இல் நிற்காது, 900க்கு விழுந்து சாகப் பார்க்கும், பிறகு தானாக ஏறும். காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தி சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்கும் ஓட்டோக்காரர் மூக்கைப் பொத்துவார். ஆனால் 7000 சுற்றைத் தாண்டினால் ஓரளவு சரியாக ஓடும், புகையும் குறையும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் பாதி விடை இருந்தது.

முதலில் காட்டிய கராஜ் பெரியது, சுத்தமானது, கருவிகள் எல்லாம் இருந்தன. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு, அளந்தார்கள். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் குறைவு. பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தார்கள், அளவு ஏறியது. “ரிங் போய்விட்டது, நான்கு பிஸ்டனும் கழற்ற வேண்டும், கூலி மட்டும் 1,80,000 ரூபா, சாமான் வேறு” என்றார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு அடைக்கும் வளையம். ஒயில் விட்டு அளப்பது பாடப்புத்தகத்தில் உள்ள பரிசோதனைதான். ஒயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் என்று எல்லா இடமும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அளவு எப்படிக் குறைந்தது என்று ஒரு கேள்வி கூடக் கேட்காமல் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

நானாவிடம் பைக்கைக் கொண்டுபோனதும் நான் சாவியைத் திருப்பப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். “தம்பி, ஸ்டார்ட் பண்ண வாணாம். மொதல்ல ஒயிலப் பாப்போம்.” ஒயில் மட்டம் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. நான் ஒயில் மாற்றியபோது கோட்டுக்குக் கீழேதான் விட்டிருந்தேன், அதைச் சொன்னேன். ஒயில் குடிக்கிற எஞ்சினில் மட்டம் இறங்க வேண்டும், இங்கே ஏறியிருக்கிறது. அவர் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டி, “மணந்து பாருங்க” என்றார். பெற்றோல் மணம் குப்பென்று அடித்தது. விரலில் தொட்டுப் பார்த்தால் ஒயில் வழவழப்பே இல்லை, தேங்காயெண்ணெய்போல ஓடியது. ஒரு அட்டைத் துண்டில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் ஒன்று வேகமாகப் பரந்தது. அந்த வெளி வளையம்தான் பெற்றோல்.

அங்கேயே நின்று விளக்கினார். பெற்றோல் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குள் தவறான வழியில் இறங்காமல் இருக்க இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று டாங்கிக்குக் கீழே உள்ள டாப். என் பைக்கில் அது எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் திறந்து, எஞ்சின் நின்றதும் ஒரு ரப்பர் டயப்ரம் மூடிக்கொள்ளும் வகை. மற்றது காபரேட்டர் கிண்ணத்துக்குள் இருக்கும் ஃப்ளோட் ஊசி, கிண்ணம் நிறைந்ததும் வழியை அடைக்கும். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். இரண்டும் பழுதானால் இரவெல்லாம் பெற்றோல் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தை நிறைத்து, வழிந்து, திறந்திருக்கும் இன்டேக் வால்வ் வழியாகச் சிலிண்டருக்குள் போய், ரிங் இடைவெளியால் ஒயிலுக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் காலையில் என்ன நடக்கும்? மட்டம் ஏறிய, நீர்த்துப்போன ஒயில் கிராங்க் சுழற்சியில் நுரைத்து, பெற்றோல் ஆவியோடு சேர்ந்து எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாக, எயார் ஃபில்டர் இருக்கும் எயார் பொக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பவும் சிலிண்டருக்குள் போய் எரிகிறது. நீலப் புகை அது. எரியாத பெற்றோல் ஆவி வெள்ளையாகத் தெரிகிறது. வேகமாக ஓடும்போது பெற்றோல் செலவாகிறது, கிண்ணம் நிரம்பி வழிய நேரமில்லை, சிலிண்டரும் வடிவாக எரிக்கிறது. 7000க்கு மேல் எல்லாம் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

கம்பிரஷன் கணக்குக்கும் விடை இதிலேயே இருந்தது. பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் அடைக்க ஒன்றுமில்லை, அளவு குறைகிறது. ஒரு கரண்டி ஒயில் விட்டதும் படலம் திரும்பி வருகிறது, அளவு ஏறுகிறது. தேய்ந்த ரிங் காட்டும் அதே அடையாளம்! ரிங் நன்றாக இருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

இதைச் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை, நிரூபித்தும் காட்டினார். டாப்பின் பெற்றோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டார். எஞ்சின் ஓடவில்லை, ஒரு சொட்டும் வரக்கூடாது. சொட்டியது. பிறகு பழைய ஒயிலை வடித்து, புது ஒயில் விட்டு, பிளக்குகளைக் காயவைத்து, தலைக்கு மேலே கையால் திறந்து மூடும் குழாய் வைத்த சின்னப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து அளந்து பெற்றோல் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டார். விசிறி சுழலும் அளவுக்குச் சூடானதும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, த்ரொட்டிலை முழுக்கத் திறந்து பிடிக்கச் சொல்லி நான்கையும் அளந்தார். த்ரொட்டிலை மூடிக்கொண்டு அளந்தால் காற்று உள்ளே போகாமல் அளவு பொய்யாக இறங்கும் என்று அப்போதுதான் சொன்னார். நான்கு சிலிண்டருக்கும் இடையில் 5 பிஎஸ்ஐ வித்தியாசம்கூட இல்லை. 1,80,000 ரூபாவுக்குத் திறக்க இருந்த எஞ்சின் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

“கேஜ் பொய் செல்லாது தம்பி. ஆனா எப்ப அளந்த எண்டு கேக்கணும்” என்றார்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இவரைப் பரிந்துரைக்கிறேன். அளவெடுக்கிற கருவி கொழும்பில் பல இடங்களில் இருக்கிறது. எடுத்த அளவை நம்புவதா என்று இன்னொரு வழியில் சோதித்துப் பார்க்கிற ஆள் மிகக் குறைவு.

நடுக்கத்துக்குப் பெற்றோல் வழிந்தது மட்டும் காரணமில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய சில நொடிகளில் எக்ஸோஸ்ட் குழாய்கள் நான்கிலும் தண்ணீர் தெளித்தார். ஒன்றிலும் நாலிலும் உடனே ஆவியானது. மூன்றில் மெதுவாக. இரண்டில் தண்ணீர் அப்படியே வழிந்தது, அதாவது அந்தச் சிலிண்டர் ஐடிலில் எரியவே இல்லை. பிளக்கும் அதையே சொன்னது. மூன்றாவது பிளக் கறுத்து ஈரமாக, இரண்டாவது வெளிறிக் காய்ந்து. மூன்றாவதுக்குப் பெற்றோல் அளவுக்கு மீறி, பக்கத்தில் உள்ள இரண்டாவதுக்குப் போதாமல். காபரேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாவதன் பைலட் ஜெட் பச்சைநிறப் பிசினால் முற்றாக அடைபட்டிருந்தது. ஐடிலில் எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுப்பது இந்தச் சின்ன ஜெட்தான், தலைமுடி நுழையும் அளவு துளை. வேகத்தில் பெரிய ஜெட் வேலையை எடுத்துக்கொள்ளும், அதனாலும் மேலே போனால் சரியாகத் தெரியும்.

பிசின் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நின்ற பைக்குகள், பிறகு கியூஆர் குறியீட்டில் பெற்றோல் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். விளையாட்டுப் பைக் வைத்திருந்தவர்கள் பலர் அந்த 4 லீற்றரை வேலைக்குப் போகும் ஸ்கூட்டிக்கு அடித்துவிட்டு இதைப் படுக்கப் போட்டார்கள். கிண்ணத்துக்குள் தங்கிய பெற்றோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனையும் காய்ந்து வெடித்தது. எனக்கு முன் இந்தப் பைக்கை வைத்திருந்தவர் அந்த வருடம் முழுக்க இதை வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கட்டிடத்தின் கீழே நிறுத்தி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த வருடத்தின் கணக்கை இன்னும் பல பைக்குகள் கட்டிக்கொண்டிருக்கின்றன என்றார் நானா. அவருடைய கராஜில் நின்ற மற்றப் பைக்குகளைப் பார்த்தால் அது உண்மை என்றே தெரிகிறது.

புகையைப் பற்றி அவர் சொன்னவற்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி “எப்ப புகைக்கிது?” என்பதுதான். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் த்ரொட்டிலைத் திறந்து இழுக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். அதே இடத்தில் த்ரொட்டிலை மூடிக்கொண்டு இறங்கி, கீழே வந்து மறுபடி திறக்கும்போது ஒரு குப்பென்று வந்து மறைந்தால் வால்வ் சீல், ஏனென்றால் மூடிய த்ரொட்டிலில் உண்டாகும் வெற்றிடம் காய்ந்த சீல் வழியாக ஒயிலை இழுக்கும். வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் வெறும் நீராவி, பயப்பட ஒன்றுமில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்து, இனிப்பாக மணத்து, கூலன்ட் போத்தலில் மட்டம் குறைந்துகொண்டே போனால் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் அடைக்கும் ஹெட் கெஸ்கட்டைப் பார்க்க வேண்டும், அப்படியானால் பைக்கை ஓட்டிக்கொண்டு வராமல் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்கிறார். கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம்: குளிர் ஸ்டார்ட்டுக்குப் போட்ட சோக் முழுக்க விடுபடாமல் இருப்பது, எயார் ஃபில்டர் அடைபட்டிருப்பது, ஃப்ளோட் மட்டம் தவறியிருப்பது. இவற்றில் பல எஞ்சினைத் திறக்காமலே தீர்பவை.

சாமான் வாங்குவது உங்கள் வேலை. அவர் பட்டியலை ஒரு அட்டையில் எழுதித் தருவார், நீங்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி வாங்கி வர வேண்டும். இது சிலருக்குத் தொல்லையாகத் தெரியலாம். எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் எதற்கு எவ்வளவு போனது என்று எனக்கே தெரியும். எதை ஒரிஜினல் வாங்க வேண்டும், எதில் மற்றது போதும் என்றும் பிரித்துச் சொன்னார். கிண்ணத்தின் ஓரிங்குகளுக்கு மலிவானது போதும். ஃப்ளோட் ஊசி நான்கும் ஜப்பான் சாமானாகவே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முதலில் நான் கொண்டுபோன ஊசிகளை விரலால் அழுத்திக் காட்டினார்: ஊசியின் பின்புறத்தில் உள்ள சின்ன ஸ்பிரிங் முனை ஒன்றில் இறுக்கமாகவும் ஒன்றில் தளர்வாகவும் இருந்தது. நான்கும் ஒரே மாதிரி அடைக்காவிட்டால் நான்கு கிண்ணத்திலும் மட்டம் ஒன்றாக நிற்காது. கடைக்காரர் மாற்றித் தந்தார். டாப்பின் டயப்ரம் கொழும்பில் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாம் பூட்டிய பிறகு வெற்றிட மானிகள் நான்கை வைத்து காபரேட்டர்களைச் சமப்படுத்தினார். பார்க்க ஆசையாக இருந்த வேலை இது. நான்கு முட்களும் ஆளுக்கொரு பக்கம் துடித்துக்கொண்டிருந்தன, ஒவ்வொரு திருகாணியாக ஒரு மயிரிழை திருப்பத் திருப்ப அவை ஒரே கோட்டுக்கு வந்தன, அதோடு ஹான்டிலில் இருந்த நடுக்கமும் அடங்கியது. இடையில் இன்டேக் ரப்பர்களைச் சுற்றி காபரேட்டர் கிளீனர் தெளித்துப் பார்த்தார். சத்தம் மாறினால் அங்கே வெடிப்பு வழியாகக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். மாறவில்லை.

முதல் ஓட்டத்தில் இன்னும் புகைத்தது. நான் திடுக்கிட்டேன். அவர் முன்னாடியே சொல்லியிருந்தார்: சைலன்சருக்குள் படிந்த ஒயில் எரிந்து முடியும்வரை புகைக்கும், பொறுமையாக ஓட்டுங்கள் என்று. மரீன் டிரைவில் வெள்ளவத்தைக்குப் போய்த் திரும்பும்போது நின்றுவிட்டது. கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு ஒயிலை இன்னொரு முறை மாற்றச் சொன்னார், உள்ளே ஒட்டியிருக்கும் பெற்றோல் கலந்த மிச்சம் வெளியே போக. நீர்த்த ஒயிலோடு இந்த எஞ்சினை 15,000 சுற்றில் ஓட்டினால் முதலில் போவது பெயரிங்குகள், அதனால் இதைத் தவிர்க்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது காபனோரொட்சைட்டும் ஹைட்ரோகாபனும் எல்லைக்குள் வந்து சான்றிதழ் கையில் கிடைத்தது. பழைய நிலையில் கொண்டுபோயிருந்தால் வாசலிலேயே திருப்பியிருப்பார்கள்.

செலவு: அவருடைய கூலி 22,000 ரூபா, சாமானும் இரண்டு தடவை ஒயிலும் சேர்த்து இன்னும் ஏறத்தாழ 41,000. இந்தத் தரத்துக்கு இது மலிவு என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்த்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அவருடைய மிகப் பெறுமதியான வேலை அதுதான்.

குறைகளும் இருக்கின்றன. இடம் மிகச் சின்னது. உங்கள் பைக் பெரும்பாலும் தெருவோரம் தார்ப்பாய்க்குக் கீழேதான் நிற்கும், மழைக்காலத்தில் எனக்கு மனம் கேட்கவில்லை. இன்று தருகிறேன் என்றால் பல தடவை அது இன்றல்ல, சாமான் பிந்தினால் சொல்லவே மாட்டார், நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். வேலை செய்யும்போது தொலைபேசியைத் தொட மாட்டார். எழுத்தில் பில் கிடையாது, கார்ட் கிடையாது. தனக்கு உதவிக்கு ஒரு பையனைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. இந்த வேலை அவரோடு நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது, அதை அவரிடமும் சொன்னேன். இன்ஜெக்ஷன் பைக் என்றால் வேறு இடம் சொல்லி அனுப்பிவிடுவார், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், தெரியாத வேலையில் கை வைக்காதது நல்லதுதான்.

போகிறவர்கள் பைக்கை முதல் நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை அவரே முதலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும், நீங்கள் சூடாக்கி ஓட்டிக்கொண்டு போனால் மறுநாள் வரச் சொல்வார். ஒயிலில் பெற்றோல் மணம் அடித்தால், மட்டம் ஏறியிருந்தால், ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம்: சிலிண்டருக்குள் பெற்றோல் நிறைந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட் வளையும், அப்போது அந்த 1,80,000 ரூபா உண்மையிலேயே தேவைப்படும். தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது ஒரு லொறியில் ஏற்றுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கதவு பூட்டியிருக்கும், இரண்டரைக்குப் பிறகு போனால் ஆறுதலாகக் கதைக்கலாம்.